கப்பல் நாளைக்கித்தானாம்

கீழச்சிவல்பட்டியிலிருந்து கடல் கடந்து போனவர்களில் பல தினுசு உண்டு. பிழைக்கப் போனவர்கள், பெண்டாட்டிக்குப் பயந்து போனவர்கள், போன இடத்தில் இன்னொருத்தியைக் கட்டி அவளுக்கும் பயந்து திரும்பி வந்தவர்கள். ஆனால் பினாங்கிலிருந்து புறப்பட்டு, கீழச்சிவல்பட்டியை வெளிநாடு என்று நினைத்து வந்து இறங்கிய ஒரே ஆள் இனாமுல் ஹசன்தான்.

ஹசன் பினாங்கிலேயே பிறந்தவன். ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயது. மச்சினனோடு சேர்ந்து அங்கே ஒரு சோற்றுக்கடை நடத்தினான். சரியாகச் சொன்னால் மச்சினன் நடத்தினான், இவன் சேர்ந்திருந்தான். பதினோராவது மாடியில் வீடு. வீட்டில் மனைவி சுஹானாவும், அத்தா என்று அவன் கூப்பிடும் தகப்பனார் மீரான் சாகிபும்.

அத்தாவுக்கு ஞாபகம் கழன்றுகொள்ள ஆரம்பித்தபோது, முதலில் கண்ணாடியை வைத்த இடம் மறந்தது. பிறகு கண்ணாடி எதற்கு என்பதே மறந்தது. ஒருநாள் லிஃப்டில் ஏறியவர் இறங்க மறந்து மத்தியானம் வரை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தார். சும்மா போகவில்லை. ஏறியவர்களுக்கு சலாம் சொல்லி, இறங்கியவர்களுக்கு துஆ செய்து அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் அவரளவுக்கு மரியாதையான ஆள் யாருமில்லை என்று சீனக் கிழவிகள் பேசிக்கொண்டார்கள்.

டாக்டர் இதற்கு டிமென்ஷியா என்று பெயர் சொன்னார். இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ள இல்லம் இருக்கிறது என்றும் சொன்னார். அந்த இல்லத்தின் மாதக் கட்டணத்தைக் கேட்டதும் ஹசனுக்குக் கொஞ்ச நேரம் தன் பெயரே மறந்துபோனது.

"அத்தா பொறந்த ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க மச்சான்" என்றாள் சுஹானா. "அங்குட்டு மனுசன் இன்னும் கட்டுபடியாகுற வெலையிலதான் இருக்கானாம்."

அப்படித்தான் தொண்ணூற்று ஐந்தாம் வருஷம் பங்குனி வெயிலில் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். அத்தா இந்தியப் பாஸ்போர்ட்டைக் கடைசிவரை விடாதவர். ஹசனுடையது மலேசியப் பாஸ்போர்ட். ஆகவே ஊருக்குள் அத்தா குடிமகன், மகன் டூரிஸ்ட். டூரிஸ்டுக்கு விசா ஆறு மாதம். அதற்குள் அத்தாவை நம்பிக்கையான ஒரு கையில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். இதுதான் திட்டம். திட்டம் போடுவதில் ஹசன் கெட்டிக்காரன். அவனுடைய திட்டங்கள் அவனைத் தவிர வேறு யாரையும் கவிழ்த்ததில்லை.

நாச்சியார் ஆச்சியின் பெரிய வீட்டுக்குப் பின்னால், முன்காலத்தில் கணக்கப்பிள்ளைக்காகக் கட்டிய சின்ன வீடு வாடகைக்குக் கிடைத்தது. சமைக்கவும் அத்தாவைக் கவனிக்கவும் அக்கம்மாள் கிடைத்தாள். கிடைக்காதது ஒன்றுதான். வந்த காரணத்தை நம்புவதற்கு ஊரில் ஓர் ஆள் கிடைக்கவில்லை.

"அங்க என்ன கேசு பாய்?" என்று பஸ் நிறுத்தத்து டீக்கடைப் பெத்தன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"கேசெல்லாம் ஒண்ணும் இல்ல. அத்தாவப் பாத்துக்கத்தான் வந்தேன்."

"சரி, சொல்ல வேணாம். எங்க மாமன்கூட சிங்கப்பூருலருந்து உடம்புக்கு முடியலைன்னுதான் வந்தாரு. பின்னாடியே போலீசும் வந்துச்சு."

ஹசன் டீயைக் குடித்தான், காசு கொடுக்க மறந்தான், பாதி வழியில் நினைவு வந்து திரும்பி வந்து கொடுத்தான், மீதியை வாங்காமல் போனான். அன்றைக்குச் சட்டையையும் திருப்பிப் போட்டிருந்தான். வீட்டுச் சாவியை அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டு ஊரெல்லாம் தேடியதும் அதே வாரத்தில்தான். "ஐயோ" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "அலாமாக்" என்று மலாயில் சொல்லித் தலையில் வேறு அடித்துக்கொள்வான். இதையெல்லாம் தன் வீட்டுப் பின்வாசலிலிருந்து பார்த்த ஆச்சி அக்கம்மாளிடம், "ரெண்டு பேருல வைத்தியத்துக்கு வந்தது யாருன்னு கேட்டியா?" என்றாள்.

அத்தாவோ பிறந்த ஊரில் இறங்கியதிலிருந்தே ஒரே நினைப்பில் இருந்தார். தான் லீவில் வந்திருக்கிறோம், பினாங்குக்குத் திரும்ப வேண்டும், கப்பல் நிற்கிறது. கடல் கடந்து போகிறவர் சும்மா போய்விட முடியாது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் உயிர் பிரிந்து மவுத்தாகிவிட்டால் பாக்கி மனஸ்தாபம் இருக்கக் கூடாதல்லவா. அவருக்கு மகன் முகம் மறந்திருந்தது, சாப்பிட்டது மறந்திருந்தது, இந்த முறை மட்டும் மறக்கவில்லை.

தினமும் காலையில் முழுக்கைச் சட்டையும் கட்டம் போட்ட கைலியும் கறுப்புத் தொப்பியும் அணிந்து, ஒரு ரெக்சின் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு புறப்படுவார். முதல் வீடு ஆச்சி வீடு.

"ஆச்சி, பயணம் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எங்குட்டுப் பாய்?"

"பினாங்குக்குத்தான். ஏதும் பிழை செஞ்சிருந்தாப் பொறுத்துக்கங்க."

"நேத்துப் பொறுத்ததே இன்னும் மிச்சம் இருக்கு. இந்தாங்க, எந்தங்கச்சி அங்க இருக்கா, அவகிட்டக் குடுத்துருங்க" என்று ஆச்சி ஒரு பொட்டலம் முறுக்குக் கொடுப்பாள். தங்கச்சி இருப்பது தேவகோட்டையில். முறுக்கு தேவகோட்டைக்கும் போகாது, பினாங்குக்கும் போகாது. தெருமுனை தாண்டுவதற்குள் அத்தாவின் வயிற்றுக்குப் போய்விடும்.

அடுத்தது யூஜினியா டீச்சர் வீடு. ரிட்டயர் ஆனபின் வீட்டு முன்னறையில் டெலிபோன் பூத் வைத்திருந்தாள். "மன்னிக்கிறதெல்லாம் எங்களுக்கு ஞாயித்துக்கிழமதான் பாய். ஒங்களுக்காக இன்னிக்கி மன்னிக்கிறேன்" என்பாள். இப்படி ஒவ்வொரு வீடாகப் பாவத்தைத் தீர்த்துக்கொண்டு அத்தா பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்வார். அங்கே பெத்தன் ஒரு டீயைக் கையில் கொடுத்து, தந்தி வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்வான்:

"கப்பல் இன்னிக்கி இல்லையாம் பாய். நாளைக்கித்தானாம்."

"அப்படியா? முன்னாடியே சொல்லப்படாது?" என்று அத்தா சலித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவார்.

வீடு வீடாகப் பயணம் சொன்னவர் ஓர் ஆளிடம் மட்டும் சொன்னதேயில்லை. ஹசனிடம். அவன் யாரென்பது அவர் கணக்கில் தெளிவாக இருந்தது. அவன் இந்த லாட்ஜின் மேனேஜர்.

"மேனேஜரே, குழம்புல உப்பில்ல."

"அத்தா, நான் ஹசன்."

"பேரு என்னவா இருந்தா என்ன? உப்பில்ல."

லாட்ஜ் மேனேஜரிடம் யாராவது பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்பார்களா? அத்தா அவனைத் தாண்டிப் போவார். ஹசன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். ஊருக்கெல்லாம் கிடைக்கிற ஒரு வார்த்தை தனக்குக் கிடைக்காதது உறுத்தும். உடனே அதை ஒரு சிரிப்பாக மாற்றி அக்கம்மாளிடம், "வாடகையும் குடுக்க மாட்டேங்கிறாரு பாரு" என்பான்.

பெத்தன் அந்த வசனத்தைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் இரண்டு தடவை விபரீதம் நடந்தது. ஒருமுறை அத்தா பஸ்ஸில் ஏறித் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கப்பல் எந்தப் பிளாட்பாரம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொருமுறை அக்கம்மாளை அனுப்பி, வாடகைக் கார் ஓட்டும் சின்னக்கருப்பனின் அம்பாசிடரைப் பேசிவிட்டார். அக்கம்மாளும் வீட்டு ஆள்தானே சொல்கிறார் என்று பேசிவிட்டாள். சின்னக்கருப்பன் எங்கே என்று கேட்க, அவர் நேராப் போங்க என்று சொல்ல, திருக்கோஷ்டியூர் வரை போய்விட்டார்கள். தூரத்தில் கோபுரத்தைப் பார்த்ததும், "அந்தா கப்பல் தெரியுது, ஓரமா நிறுத்துங்க" என்றாராம். அப்போதுதான் சின்னக்கருப்பனுக்கு வியர்த்தது.

அன்று சாயங்காலமே ஹசன் போய் எல்லா டிரைவரையும் கண்டக்டரையும் பெத்தன் கடையில் கூட்டிவைத்து டீ வாங்கிக் கொடுத்துப் பேசினான். வாழ்க்கையில் அவன் அவ்வளவு பொறுப்பாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"எங்க வீட்டுலருந்து யாரு வந்து பினாங்கு, பயணம்னு சொன்னாலும் ஏத்தாதீக. டிக்கெட்டக் காட்டினாலும் ஏத்தாதீக. கோவிச்சாலும் சரி, கெஞ்சினாலும் சரி. முக்கியமா, தெளிவாப் பேசுனா நம்பிராதீக. எங்க வீட்டுல தெளிவாப் பேசுறதுதான் நோவு."

"ஏத்த மாட்டோம்ணே" என்றான் சின்னக்கருப்பன். "எங்க குலசாமி மேல சத்தியம்."

மாதங்கள் போயின. ஒருநாள் அத்தாவுக்கு லேசான காய்ச்சல். புறப்படாமல் படுத்துவிட்டார். ஹசனும் பக்கத்தில் பாய் போட்டுக் கண்ணயர்ந்தான். கதவு இடிபடுகிற சத்தம் கேட்டு எழுந்துபோய்த் திறந்தால், வாசலில் ஆச்சி நிற்கிறாள். பின்னால் யூஜினியா டீச்சர். அதற்குப் பின்னால், அடுப்பை யாரிடமோ விட்டுவிட்டு வந்த பெத்தன், கையில் டீக் கிளாசுடன்.

"பெரிய பாய் ஏன் இன்னும் பயணம் சொல்ல வரல?" என்றாள் ஆச்சி, ஏதோ வட்டி வராத மாதிரி.

"காய்ச்சலு ஆச்சி."

"அத வந்து சொல்றதுக்கென்ன? நாங்க பாட்டுக்குப் பொறுத்துக்கிறதுக்கு உக்காந்திருக்கோம்."

பெத்தன் உள்ளே போய், படுத்திருந்த அத்தாவின் காதருகே குனிந்து, "கப்பல் இன்னிக்கி இல்லையாம் பாய்" என்றான். அத்தா கண்ணைத் திறக்காமலே தலையாட்டினார்.

அன்றைக்கு ஹசனின் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. இந்த ஊரில் அத்தா ஒருவேளை வெளியே வரவில்லை என்றால் கேட்க ஆள் இருக்கிறது. பினாங்கு இல்லத்தில் இதற்குத் தனிக் கட்டணம். இனிமேல் தான் இங்கே இருந்து என்ன ஆகப்போகிறது? மேனேஜர் மாறினால் லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் அழுவார்களா? விசாவும் முடியப்போகிறது. ராத்திரிக்கும் அக்கம்மாளும் அவள் புருஷனும் வந்து தங்குவதாக ஏற்பாடு ஆனது. ஹசன் டிக்கெட் போட்டான். திருச்சி போய், அங்கிருந்து ரயிலில் மெட்ராஸ், மறுநாள் விமானம்.

புறப்படுகிற நாள் காலையில் அவனும் முறைப்படி பயணம் சொல்லக் கிளம்பினான். அத்தாவுக்கு முன்னால் முந்திக்கொண்டு போனான்.

"ஆச்சி, பயணம் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

ஆச்சி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "எங்குட்டு?"

"பினாங்குக்குத்தான். ஏதும் பிழை..."

ஆச்சி உள்ளே போனாள். முறுக்குப் பொட்டலத்துடன் வந்தாள். "இந்தா தம்பி, எந்தங்கச்சி அங்க இருக்கா."

"ஆச்சி, ஒங்க தங்கச்சி தேவகோட்டையில இருக்காக. நான் நெசமாவே போறேன்."

"நெசமாத்தான் போற. யாரு இல்லேன்னா?" என்று ஆச்சி கனிவாகச் சொல்லிவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அக்கம்மாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அப்பனைப் போலவே மகனுக்கும் வந்துவிட்டது.

"அலாமாக்" என்று ஹசன் தலையில் அடித்துக்கொண்டான். அது அவன் கட்சியை இன்னும் பலவீனமாக்கியது.

யூஜினியா டீச்சர் அவன் நீட்டிய டிக்கெட்டை வாங்கி, கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "டிக்கெட்டு ஒங்க அத்தா பையிலயுந்தான் ஒரு கட்டு இருக்கு. வெயில்ல அலையாதீக தம்பி."

சின்னக்கருப்பன் கார்க் கதவைத் திறக்கவே இல்லை. அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டு, குழந்தையிடம் பேசுகிற குரலில் பேசினான்.

"நாளைக்குப் போகலாம்ணே."

"சின்னக்கருப்பா, மத்தியான ரயிலப் பிடிக்கணும். நான் ஒன்கிட்டத் தெளிவாச் சொல்றேன். எனக்கு ஒண்ணுமில்ல. எங்கத்தாவுக்குத்தான் மறதி."

"தெளிவாப் பேசுனா நம்பாதேன்னு நீங்கதானண்ணே சொன்னீக. இப்பத் தெளிவாப் பேசுறீக."

"அது அத்தாவுக்காகச் சொன்னது."

"வீட்டுலருந்து யாரு வந்தாலும்னீக. குலசாமி மேல சத்தியம் பண்ணியிருக்கேன். ஒங்களுக்கு ரயிலு போனா வேற ரயிலு வரும். எனக்கு சாமி கோவிச்சா வேற சாமி வராது."

ஹசன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான். கண்டக்டர் படியில் குறுக்கே கையை நீட்டி, உள்ளே இருந்த பயணிகளிடம், "கொஞ்சம் பொறுங்க, மனசு சரியில்லாதவுக" என்று விளக்கம் சொல்லி, அவனைப் பக்குவமாகத் தோளைப் பிடித்து இறக்கிவிட்டு விசில் ஊதினான். அடுத்த பஸ்ஸிலும் அதே மரியாதை. அவன் சொல்லிவைத்ததை ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும் ஞாபகம் வைத்திருந்தார்கள். இந்த ஊரில் யாருக்கும் ஞாபகத்தில் குறையே இல்லை.

பெத்தன் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். டீயைக் கையில் கொடுத்தான். முகம் தந்தி வந்த மாதிரியே இருந்தது.

"கப்பல் இன்னிக்கி இல்லையாம் தம்பி."

இவன் நிஜமாகவே நம்புகிறானா, இல்லை விளையாடுகிறானா என்று ஹசன் அந்த முகத்தை உற்றுப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. இதற்கு மேல் திருச்சி ரயிலைப் பிடிக்க முடியாது. டீயைக் குடித்தான். காசு கொடுக்க மறந்து வீட்டுக்கு நடந்தான்.

வீட்டில் அத்தா, தொப்பியும் சட்டையுமாக, ரெக்சின் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அன்றைய பயணத்தை அவர் ஏற்கெனவே முடித்துவிட்டு வந்திருந்தார். பெட்டியோடு வியர்க்க விறுவிறுக்க வந்தவனைப் பார்த்ததும் அவர் முகத்தில் மேனேஜரைப் பார்க்கிற கடுகடுப்பு இல்லை. நகர்ந்து இடம் விட்டார்.

"தம்பியும் பினாங்கா?"

ஹசன் பெட்டியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஆமாத்தா."

"கப்பல் நாளைக்கித்தானாம். எனக்கும் இப்பத்தான் சொன்னாங்க. விட்டுத் தள்ளுங்க, ஒருநாள்ல என்ன கெட்டுப்போகுது." பையைத் திறந்து, முறுக்குப் பொட்டலத்தில் அன்றைக்கு அதிசயமாக மிஞ்சியிருந்ததை எடுத்து நீட்டினார். "சாப்பிடுங்க. வெளியூருல வெறும் வயித்தோட இருக்கக் கூடாது."

இரண்டு பேரும் முறுக்கைக் கடித்தார்கள். கொஞ்ச நேரம் அந்தச் சத்தம்தான்.

"பினாங்குல யாரு இருக்கா ஒங்களுக்கு?" என்று ஹசன் கேட்டான்.

"மவன் இருக்கான்." அத்தா குரலைத் தாழ்த்தினார். சக பயணியிடம் மட்டும் சொல்கிற விஷயம். "ஹசன்னு பேரு. நல்ல புள்ளதான். ஆனா வெவரம் பத்தாது. சட்டையத் திருப்பிப் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயிருவான். சாவியக் குடுத்தாத் தொலச்சுருவான். எவனாவது ஏமாத்திருவான். அதான் தம்பி, தெனமும் கெளம்பிப் பாக்குறேன். அவனத் தனியா விட்டுட்டு எத்தன நாளு இங்குட்டே இருக்கிறது?"

ஹசன் வாயில் இருந்த முறுக்கை மென்று முடிக்க வெகுநேரம் ஆனது. இத்தனை நாளும் வீடு வீடாகப் பாவமன்னிப்பு வாங்கிக்கொண்டு இந்த மனிதர் தன்னிடம்தான் வரப் பார்த்திருக்கிறார். தான் வாசலில் நின்றுகொண்டு வழியனுப்பியிருக்கிறோம்.

"அவன் பத்திரமாத்தான் இருக்கான் அத்தா" என்றான்.

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். சட்டையக்கூட நேராத்தான் போட்டிருந்தான்."

அத்தா அவன் சட்டையை ஒரு பார்வை பார்த்தார்.

சாயங்காலம் யூஜினியா டீச்சரின் பூத்திலிருந்து ஹசன் பினாங்குக்குப் பேசினான்.

"ரயிலு ஏறிட்டீகளா மச்சான்?" என்றாள் சுஹானா.

"ஏத்த மாட்டேங்கிறாங்க."

"யாரு?"

"ஊரு. எனக்கும் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனைக்கிறாங்க."

"கண்டுபிடிக்க அவங்களுக்கு இத்தன மாசம் ஆச்சா? எனக்குக் கல்யாணமாகி ஒரு வாரத்துல தெரிஞ்சு போச்சு."

"கடை என்னாகுமோ தெரியல."

"கடை நல்லாத்தான் போகுது. நீங்க இல்லாததுக்கப்புறம் கல்லாவுல கணக்குக்கூட சரியா இருக்காம். அண்ணன் சொன்னாரு."

ஹசன் சிரித்தான். பிறகு, பெஞ்சில் அத்தா சொன்னதைச் சொன்னான். மீட்டர் ஓடுவதைப் பார்த்த யூஜினியா டீச்சர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"விசாவ நீட்டிக்க முடியுமான்னு பாருங்க" என்றாள் சுஹானா கடைசியில். "டிசம்பர்ல நானும் வாரேன். வாரப்ப என்ன வேணும்?"

"கோடாலித் தைலம்."

"எத்தன?"

"ஊருக்கே."

மறுநாள் காலையில் ஹசன் மறுபடியும் சின்னக்கருப்பனிடம் போனான். காரைத் துடைத்துக்கொண்டிருந்தவன், இவனைக் கண்டதும் கதவின் மேல் சாய்ந்துகொண்டான்.

"எங்குட்டுண்ணே?"

"சிவகங்கைக்கு. எஸ்.பி. ஆபீசுக்கு. விசா நீட்டிக்கணும்."

"போறதுக்கா, இருக்கிறதுக்கா?"

"இருக்கிறதுக்கு."

"அப்ப ஏறுங்க" என்று சின்னக்கருப்பன் கதவை அகலத் திறந்தான். "இதுக்குச் சத்தியத்துல எடமிருக்கு."

பாஸ்போர்ட்டை எடுக்க மறந்திருந்ததால் கார் முதலில் வீட்டுக்கு வந்தது. அத்தா வாசலில் குடையும் பையுமாகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் நேற்றைய சக பயணி யாரும் இல்லை. மேனேஜரைப் பார்க்கிற அதே பார்வை.

ஹசன் அவர் முன்னால் போய் நின்றான்.

"அத்தா, பயணம் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். சிவகங்கை வரைக்குந்தான். ஏதும் பிழை செஞ்சிருந்தாப் பொறுத்துக்கங்க."

அத்தா அவனைச் சற்று நேரம் யோசனையோடு பார்த்தார். லாட்ஜ் மேனேஜர்கள் இப்படியெல்லாம் கேட்பது வழக்கமில்லைதான். ஆனாலும் முறையாகக் கேட்டவனுக்கு முறையாகப் பதில் சொல்லியாக வேண்டும். குடையை இடது கைக்கு மாற்றி, வலது கையை அவன் தலைமேல் வைத்து உதட்டுக்குள் துஆ ஓதினார்.

"பொறுத்துக்கிட்டேன். வெரசா வந்துருங்க, மேனேஜரே."

ஹசன் உள்ளே போய்ப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வந்து காரில் ஏறினான். வண்டி நகர்ந்தபோது அத்தா நாலடி கூடவே நடந்து வந்து ஜன்னலைத் தட்டினார்.

"சாவிய எடுத்துக்கிட்டீங்களா?"

ஹசன் சட்டைப் பையைத் தடவினான். கைலி மடிப்பைத் தடவினான்.

"அக்கம்மா" என்று உள்ளே பார்த்துக் கத்தினான், "அந்த அரிசி டிரம்மக் கொஞ்சம் பாரு."